அரக்கனுக்குப் பல் கட்டியவள்

டெக்சாஸுக்கு வந்த முதல் வாரத்திலிருந்தே என்னிடம் முன்பின் தெரியாதவர்கள் ஸ்பானிஷில் பேசுகிறார்கள். டாலஸை ஒட்டிய காப்பெலில் எங்கள் வீட்டுக்கு அருகிலிருக்கும் கடையில் ஒருநாள் சௌசௌவைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற வயதான அம்மாள் ஒருவர் ஒரு காயை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டி ஏதோ கேட்டார். முற்றலா பிஞ்சா என்று கேட்டிருக்கலாம். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என் பின்னலையும் நிறத்தையும் மறுபடி ஒருமுறை பார்த்தார். பெற்ற தாயின் மொழியை மறந்துவிட்டு இங்கிலீஷ் பேசித் திரிகிற ஒரு மெக்சிகோக்காரியைக் கண்ட வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது. நான் சேலத்துக்காரி என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? அந்தக் காயைச் சின்ன வயதிலிருந்து கூட்டு வைத்துச் சாப்பிட்டு வருகிறேன் என்பதை எந்த மொழியில் சொல்வது? தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

ஆரேலியோவும் முதலில் ஸ்பானிஷில்தான் ஆரம்பித்தார். நான் வேலை பார்த்த டென்டல் லேபுக்குள், பருத்த உடம்பும் நரைத்த தாடியுமாக, கையில் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார். நான் விழிப்பதைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாறினார். அவர் ஆங்கிலத்தில் எனக்குப் பாதி புரிந்தது. அவருடைய மதருக்குப் பல்செட் வேண்டும் என்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அம்மாவுக்கு வயது என்ன என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, முந்நூறு இருக்கும் என்றார். சொந்தப் பற்கள் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்றேன். எல்லாம் இருக்கிறது, ஆனால் பார்க்க நன்றாயில்லை என்றார். பிறகு பெட்டியைத் திறந்து களிமண்ணில் செய்த ஒரு தலையை மேஜைமேல் வைத்தபோதுதான் அவர் சொன்னது மதர் இல்லை, மான்ஸ்டர் என்று புரிந்தது. ஐந்து வருஷங்களில் அந்த லேபில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

சேலம் அம்மாபேட்டையில் இரண்டு நாற்காலி போட்ட ஒரு பல் கிளினிக் வைத்திருந்தவள் நான். பல்செட் கட்டுவதில் எனக்கு நல்ல பெயர். புதுப் பல்செட் மாட்டியதும் வந்தவர்களைப் பேசச் சொல்லிப் பார்ப்பேன். 'சேலத்து மாம்பழம், சேர்வராயன் மலை' என்று சொல்லச் சொல்வேன். 'சே' விசிலடித்தால் முன்பல் இடம் சரியில்லை, 'வ' குழறினால் நீளம் அதிகம். கணவர் செந்திலுக்கு டாலஸில் வேலை கிடைத்து இங்கே வந்ததும் என் படிப்பு செல்லாது என்றார்கள். முதல் ஆறு வருஷம் வேலை செய்யவே அனுமதியில்லை. அனுமதி கிடைத்த பிறகு இந்த லேப். எங்கோ ஒரு டாக்டர் எடுத்தனுப்பும் அளவை வைத்து, யாரென்றே தெரியாதவர்களுக்கு நாள் முழுக்கப் பல் செய்ய வேண்டும். ஒரு வாயைக்கூடப் பார்த்ததில்லை. லேபில் எல்லோருக்கும் நான் டாக்டர் இல்லை, வெறும் மலர். இங்கே பல் மருத்துவராக வேண்டுமென்றால் மறுபடியும் கல்லூரியில் சேர வேண்டும். சேர்வதற்கு முன் பேராசிரியர்கள் முன்னிலையில் பல்லைச் செதுக்கிக் காட்ட வேண்டும். அந்தக் கைத்திறன் தேர்வில் அதற்குள் இரண்டு முறை தோற்றிருந்தேன்.

டாக்டரின் சீட்டு இல்லாமல் எதுவும் செய்ய முடியாது என்று சொல்லி லேப் முதலாளி ஆரேலியோவைத் திருப்பி அனுப்பிவிட்டார். நான் பார்க்கிங் வரை பின்னாலேயே ஓடினேன். நான் செய்து தருகிறேன், வீட்டில் வைத்துச் செய்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்றிரவு செந்தில் கேட்டார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு பல் எப்படி இருக்க வேண்டும் என்று யாரோ என்னிடம் கேட்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் கார் நிறுத்தும் கராஜிலிருந்த சைக்கிள்களை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்தார்.

ஆரேலியோவின் கதையை அந்தக் கராஜில்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டேன். வடக்கு மெக்சிகோவில், பாலைவன ஓரத்தில் ஒரு சுரங்க ஊர். அவருடைய அம்மா அங்கே சவ அடக்க நிலையத்தில் வேலை பார்த்தவர். இறந்தவர்களின் முகத்தை, வந்து பார்ப்பவர்களுக்காகச் சீர்படுத்தும் வேலை. சுரங்க விபத்தில் சிதைந்த முகத்தைக்கூட மெழுகு வைத்து மீட்டெடுத்துவிடுவாராம். பள்ளிக்கூடம் விட்டதும் ஆரேலியோ அங்கேதான் போய் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார். இறந்தவர்களைக் கண்டு பயந்ததே இல்லை என்றார். முகம் இல்லாமல் போய்விடுவதைப் பார்த்துத்தான் பயம். பதின்மூன்று வயதில், கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் போடும் நாடகத்துக்காகச் சாத்தானின் முகமூடி செய்தார். அதைக் கண்டு குழந்தைகள் அலறியதில் பாதிரியார் நாடகத்தையே நிறுத்திவிட்டார். மறுவருஷம் ஊர்க்காரர்களே போய் அந்தச் சாத்தான் வேண்டும் என்று கேட்டார்களாம்.

தலைநகருக்குப் போய்த் தொலைக்காட்சித் தொடர்களுக்குக் காயமும் ரத்தமும் ஒட்டியிருக்கிறார். முப்பது வயதில் முதல் படம். வறண்ட கிணற்றுக்குள் இருக்கும் ஒரு ஆவிக்குத் தினமும் ஒரு குவளை தண்ணீர் கொண்டுபோகிற சிறுமியின் கதை. பேய்ப்படம் பார்க்க வந்தவர்கள் அழுதுகொண்டே வெளியே போனார்களாம். அது பல நாடுகளுக்குப் போக, அமெரிக்காவிலிருந்து ஒரு பெரிய நிறுவனம் கூப்பிட்டது. வந்தார். இரண்டு வருஷம் உழைத்து ஒரு படம் எடுத்தார். அவர் கையால் செய்த மிருகத்தை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் வேறொன்றை வரைந்து ஒட்டிவிட்டார்கள், முடிவையும் மாற்றினார்கள். தியேட்டரில் உட்கார்ந்து பார்த்தபோது, அது தன் அம்மா தொடாத முகம் போல இருந்தது என்றார். படம் ஓடவில்லை. பழி மட்டும் அவர் பெயரில் விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் யாரும் அவருக்குப் படம் தரவில்லை. ஃபோர்ட் வொர்த்தில் ஒரு சின்னப் பட்டறை போட்டு, ஹாலோவீன் சமயத்தில் போடும் பேய் வீடுகளுக்குப் பிசாசு செய்து கொடுத்துப் பிழைத்தார். அந்த வேலையையும் ஏனோதானோவென்று அவர் செய்ததில்லை. பார்க்க வருகிறவர்கள் கத்திக்கொண்டு ஓடும் மூன்று விநாடிக்காக, பிசாசின் கண் இமை முடியை ஒவ்வொன்றாக நட்டிருக்கிறார்.

இப்போது மறுபடியும் ஒரு படம். மூடிப்போன வெள்ளிச் சுரங்கத்தில் ஓர் அரக்கன். வடக்கே அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்களின் குரல்களையெல்லாம் தின்று சேர்த்து வைத்திருக்கிறான். ஊரில் காத்திருக்கும் மனைவியோ அம்மாவோ சுரங்க வாசலில் போய் நின்றால், போனவர்களின் குரலில் பேசுவான். அதனால் அந்தப் பற்களை மாட்டிக்கொண்டு நடிகர் தெளிவாகப் பேச முடிய வேண்டும். மற்ற பட்டறைக்காரர்கள் பயமுறுத்தும் பற்களைச் செய்தார்கள், பேசும் பற்களை யாரும் செய்யவில்லை என்பதுதான் அவருடைய பிரச்சினை. அதற்காகத்தான் உண்மையான பல் லேபைத் தேடி வந்திருக்கிறார்.

நாற்பத்து நான்கு பற்கள் செய்தேன். நடிகரின் வாயில் ஆரேலியோவே அளவு எடுத்தார். லைசன்ஸ் இல்லாத நாட்டில் அடுத்தவர் வாயில் கை வைக்க எனக்குப் பயம், தள்ளி நின்றேன். கடித்துக் காட்டச் சொல்லி மேல் தாடையும் கீழ்த் தாடையும் சேரும் அளவையும் எடுத்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். வாய் வரை வந்தது. ஆனால் நாம் யார் சொல்வதற்கு என்று ஒரு தயக்கம். இங்கே வந்த பிறகு ஒட்டிக்கொண்ட தயக்கம். சொல்லவில்லை.

படத்துக்குப் பணம் போடுவதாக இருந்த தயாரிப்பாளர் ஒருநாள் பட்டறைக்குப் பார்வையிட வந்தார். நடிகர் முழு வேஷத்தில் வந்து நின்று பேச ஆரம்பித்தார். மூன்றாவது வாக்கியத்தில் டக்கென்று ஒரு சத்தம். கோரைப்பல் உடைந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. தயாரிப்பாளர் கோபப்படவில்லை. சிரித்தார். இதெல்லாம் எதற்கு, பல்லைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம், படத்தையும் இங்கிலீஷில் எடுத்துவிடலாம் என்றார். ஆரேலியோ முடியாது என்றார். ஒரு விளக்கமும் சொல்லவில்லை, ஒரே சொல்தான். தயாரிப்பாளர் கிளம்பிப் போய்விட்டார்.

நான் வீட்டுக்கு வந்து கராஜைப் பூட்டினேன். கல்லூரித் தேர்வுக்கு மூன்றாவது முறை விண்ணப்பிக்க வைத்திருந்த காகிதங்களை எடுத்து அலமாரியின் அடித்தட்டில் போட்டேன். மறுநாள் சனிக்கிழமை காலை காலிங் பெல் அடித்தது. ஆரேலியோ. கையில் காபியும், ஒரு கவரில் உடைந்த பல்லும். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"ஏன் உடைஞ்சுது? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். கடிக்கும் அளவை எடுக்கவில்லை, கீழ்ப்பல் வந்து இடிக்கும் இடத்தில் அக்ரிலிக் மெல்லிசாக இருந்துவிட்டது, உள்ளே கம்பி வலை வைத்திருக்க வேண்டும். இது உங்களுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். பிறகு ஏன் சொல்லவில்லை என்றார். நான் உடைந்த பல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அவர் காபியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"அந்தப் பெரிய கம்பெனியில என் மிருகத்தை எடுத்துட்டப்ப நானும் பேசாமத்தான் இருந்தேன். நாட்டுக்குப் புதுசு, வந்த இடத்துல எதுக்கு வம்புன்னு நினைச்சேன். அந்தப் பேசாததுதான் ஒன்பது வருஷமா என்னைத் தின்னுச்சு. நீங்க என் படத்துக்கு டாக்டர். எனக்குப் பயந்த டாக்டர் வேண்டாம்."

அன்றைக்கே மறுபடி தொடங்கினோம். செலவைக் குறைக்கப் படப்பிடிப்பை அவருடைய ஊருக்கே மாற்றிக்கொள்வது, பாதி ஆட்களோடு எடுப்பது என்று அவர் முடிவு செய்திருந்தார். இந்த முறை நடிகரின் முன்னால் நான்தான் நின்றேன். கை ஆரேலியோவுடையது, சொல் என்னுடையது. இன்னும் உள்ளே, இப்போது கடிங்க, அப்படியே பிடிங்க என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். என் குரலைக் கேட்டு எனக்கே ஆச்சரியம். அம்மாபேட்டையில் அப்படித்தான் பேசுவேன். நான்கு வாரம் கழித்துப் பற்களை மாட்டிய நடிகரிடம் ஸ்பானிஷில் எதைச் சொல்லச் சொல்வது என்று தெரியாமல், எனக்குத் தெரிந்ததையே சொல்லச் சொன்னேன். பச்சை நிறத் தோலும் நாற்பத்து நான்கு பற்களுமாக அந்த மெக்சிகோ அரக்கன் எங்கள் கராஜில் நின்று, "சேலத்து மாம்பழம், சேர்வராயன் மலை" என்றான். விசில் இல்லை. குழறல் இல்லை. வாசலில் நின்றிருந்த என் பதின்மூன்று வயது மகள் நிலா, "அம்மா, ஹிஸ் டமில் இஸ் பெட்டர் தேன் மைன்" என்றாள்.

அந்த வாரமே அலமாரியிலிருந்து காகிதங்களை எடுத்து அனுப்பினேன். தேர்வுக்கு லேப் முடிந்ததும் தினம் இரண்டு மணி நேரம் பழகினேன். முன்பு தோற்றபோதெல்லாம் மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து நின்றால், அவர் போகும்வரை செதுக்குவதை நிறுத்திவிடுவேன். இந்த முறை வந்து நின்றவரிடம், வெளிச்சத்தை மறைக்கிறீர்கள், கொஞ்சம் நகர முடியுமா என்று கேட்டேன். அவர் நகர்ந்தார். கல்லூரியில் இடம் கிடைத்தது.

படம் முடிந்து, வேலை செய்தவர்களின் குடும்பங்களுக்காக டாலஸின் தென்பகுதியில் ஒரு பழைய தியேட்டரில் போட்டுக் காட்டினார்கள். சப்டைட்டில் இன்னும் தயாராகவில்லை. பள்ளியில் ஸ்பானிஷ் படிக்கும் நிலா காதோரம் ஆங்கிலத்தில் கிசுகிசுக்க, அதை நான் செந்திலுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அரக்கன் முதல் முறை வாயைத் திறந்ததும் அரங்கமே பின்னுக்குச் சாய்ந்தது. நான் முன்னுக்குச் சாய்ந்து கோரைப்பல்லைப் பார்த்தேன். பிறகு அவன் போனவர்களின் குரலில் பேசத் தொடங்கினான். ஒரு மகன் அம்மாவிடம், இந்த வருஷம் கட்டாயம் வந்துவிடுவேன் என்கிறான். எனக்கு முன் வரிசையில் ஒரு பெரிய ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வாக்கியத்துக்கு மட்டும் நிலாவின் மொழிபெயர்ப்பு எனக்குத் தேவைப்படவில்லை. பதினோரு வருஷமாக அதையேதான் நானும் அம்மாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பெயர்கள் ஓடின. நிலா என் கையைப் பிடித்து இழுத்தாள். என் பெயருக்கு முன்னால் 'Dra.' என்று மூன்றெழுத்தும் ஒரு புள்ளியும். அது என்ன என்று கேட்டேன். 'டொக்தோரா', பெண் டாக்டரை ஸ்பானிஷில் அப்படித்தான் எழுதுவார்கள் என்றாள். வெளியே வந்து ஆரேலியோவிடம், இங்கே நான் இன்னும் டாக்டர் இல்லையே என்றேன். அது அமெரிக்காவின் விஷயம், படம் மெக்சிகோவுடையது என்றார்.

இப்போது நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம். காப்பெலிலிருந்து தெற்கே நான்கு மணி நேர டிரைவ். வகுப்பில் எல்லோருக்கும் என்னில் பாதி வயது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து ஞாயிறு காலை திரும்புகிறேன். ஆரேலியோ அடுத்த படத்தை ஆரம்பித்துவிட்டார். இந்த முறை ஆற்றில் வாழும் ஒரு கிழவி. கார் டிக்கியில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் பரீட்சைக்குப் பழகும் மனிதத் தாடை, இன்னொன்றில் கிழவியின் தாடை. போன ஞாயிறு பாதி வழியில் பெட்ரோல் போட ஒரு கேஸ் ஸ்டேஷனில் நிறுத்தியிருந்தபோது சேலத்திலிருந்து அம்மா வீடியோ காலில் வந்தார். பின்னால் லாரிகள் போவதைப் பார்த்துவிட்டு, எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். வழியில் என்றேன்.

"வழியிலன்னா? ஊட்டுக்குப் போறயா கண்ணு, ஊட்ல இருந்து வர்றயா?"

சாலையைப் பார்த்தேன். இந்தப் பக்கம் எவ்வளவு வண்டிகளோ அந்தப் பக்கமும் அவ்வளவு வண்டிகள். "ரெண்டும்தான்மா" என்று சொல்லிவிட்டு, போனை டேஷ்போர்டில் சாய்த்து வைத்து, அம்மா பேசப் பேச வண்டியைக் கிளப்பினேன்.