ஒவ்வொருத்தராக உள்ளே போனோம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, டிசம்பர் கடைசி வாரத்தில், புதுச்சேரி கடற்கரைச் சாலையில் தொடங்கிய விஷயம் இது. புத்தாண்டுக் கூட்டம் ஊருக்குள் வர ஆரம்பித்துவிட்டால் காக்கி போட்டவர்களுக்கு லீவு என்ற பேச்சே கிடையாது. நான் பெண் காவலர். அன்றும் அதே வேலை, இன்றும் அதே வேலை.

பந்தோபஸ்து என்றால் ஆளுக்கொரு ‘பாயின்ட்’ கொடுப்பார்கள். மாற்று ஆள் வரும்வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. ஆண்கள் எப்படியோ சமாளித்துவிடுவார்கள். எங்களுக்கு இருந்த ஒரே வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. வெயிலில் நாக்கு வறண்டு போகும், ஆனாலும் பாட்டிலைத் திறக்க மாட்டோம். நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வராத பெண் போலீஸ் எங்கள் பிரிவில் ஒருத்திகூட இல்லை. இதில் கூத்து என்னவென்றால், சுற்றுலா வந்தவர்கள் கழிப்பறை எங்கே என்று எங்களிடம்தான் கேட்பார்கள். நாங்களும் சிரித்த முகத்தோடு வழி காட்டுவோம். அங்கே போய் வரிசையில் நின்று திரும்பி வர எங்களுக்கு ஏது நேரம்? அடக்கவே முடியாமல் போனால், யார் கண்ணிலும் படாமல் எங்காவது ஓடிப் போய் வருவோம்.

எனக்கு அடுத்த பாயின்ட்டில் நின்றவள் சின்னப் பெண். பிரசவ லீவு முடிந்து அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். வீட்டில் கைக்குழந்தை. புருஷனுக்கு சேதராப்பட்டில் கம்பெனி வேலை. பால் கொடுக்கிற உடம்பு, தண்ணீர் குடிக்காமல் இருக்க முடியுமா? குடித்தாள். அப்புறம் அடக்க முடியாமல் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்த வீட்டு அம்மா புண்ணியவதி, உள்ளே விட்டிருக்கிறார். ஆனால் அந்தச் சில நிமிடத்தில்தான் உயர் அதிகாரியின் ஜீப் அந்தப் பக்கம் வர வேண்டுமா? பாயின்ட்டில் ஆள் இல்லை. திரும்பி வந்தவளை நிறுத்தி எங்கே போனாய் என்று கேட்டார்.

சாயங்காலமே அவளுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்துவிட்டது. ஏனாமுக்கு மாற்றப் போகிறார்கள் என்று மறுநாள் பேச்சு கிளம்பியது. வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஏனாமும் எங்கள் புதுச்சேரியைச் சேர்ந்ததுதான், ஆனால் இருப்பது ஆந்திராவில், கோதாவரிக் கரையில். தண்டனை மாற்றல் என்றால் அங்கேதான். கைக்குழந்தையோடு பாஷை தெரியாத ஊரில் அவள் என்ன செய்வாள்?

எனக்கு அவள்மேல்தான் முதலில் கோபம் வந்தது. அதிகாரி கேட்டபோதே காரணத்தைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று திட்டினேன்.

"எப்பிடிக்கா சொல்றது? அவரு மொகத்தப் பாத்ததும் வாயே வரல. தலை சுத்திச்சுன்னு சொல்லிட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் தொழிலாளிக்கு ஒரு குறை என்றால் கம்பெனி கேட்டில் சங்கக் கொடி கட்டிவிடுவார்கள். அதற்குப் பாதுகாப்பு கொடுக்கப் போவதும் நாங்கள்தான். ஆனால் போலீஸ்காரர்கள் சங்கம் வைக்க முடியாது. நாலு பேர் சேர்ந்து போய் ஒரு குறையைச் சொன்னாலே ஒழுங்கு மீறல். எங்களுக்கு இருப்பது ஆர்டர்லி ரூம் மட்டும்தான். குறிப்பிட்ட நாளில் அதிகாரி முன்னால் தனியாகப் போய் நிற்கலாம். சொந்தக் குறையைச் சொல்லலாம். அடுத்தவருக்காக வாயைத் திறக்கக் கூடாது.

நான் போய் அவளுக்காகப் பேசிப் பார்க்கிறேன் என்று ஓய்வறையில் சொன்னேன். அப்போது மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. அவள் என் பேட்ச்காரி, என்னோடு ஒன்றாகப் பயிற்சி எடுத்தவள். லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸில் எனக்கு மேல் வீடு. தண்ணீர் மோட்டார் போடுகிற தகராறில் எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று வெகுநாள் ஆகியிருந்தது. மூஞ்சியை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னாள்.

"அவளுக்காகப் போயி பேசுனா, நீ இன்னா சங்கத் தலைவியான்னு கேப்பாரு. அவங்கவங்க கதைய அவங்கவங்க சொல்லுவோம். பாயின்ட்ட விட்டுப் போவாதவ இங்க யாரு இருக்கா?"

ஆர்டர்லி ரூமுக்கு யார் வருவார்கள், யார் வர மாட்டார்கள் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் அதுவே கூட்டம் போட்ட கணக்காகிவிடும். வாட்ஸ்அப்பிலும் ஒரு வார்த்தை போடவில்லை. எனக்கு உள்ளுக்குள் பயம்தான். ஏனாமுக்கு நானும் போக வேண்டி வந்தால் என் பிள்ளைகளின் படிப்பு என்னாகும்?

ஆர்டர்லி ரூம் நாளன்று காலையில் யூனிஃபார்மைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். வராந்தாவில் என் பேட்ச்காரி மட்டும் நின்றிருந்தாள். கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி வந்தாள். பிறகு இன்னும் இரண்டு பேர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வராந்தா நிறைந்துவிட்டது. எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாதவர்கள் மாதிரி தள்ளித் தள்ளி நின்றோம். எதுக்கும்மா இத்தனை பேர் என்று பதிவேடு எழுதும் ரைட்டர் கேட்டார். சொந்தக் குறை என்று ஒவ்வொருத்தியும் தனித்தனியாகச் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

என் பேட்ச்காரிதான் முதலில் உள்ளே போனாள். அப்புறம் வேறு சிலர். என் முறை வந்ததும் போய் சல்யூட் அடித்தேன்.

"சார், அந்த பந்தோபஸ்துல நானும் பாயின்ட்ட விட்டுப் போனேன். பாத்ரூம் போறதுக்குத்தான். எனக்கும் மெமோ குடுங்க."

பொய்யில்லை, நான் போனதும் அதே வாரத்தில்தான். மெமோ கொடுத்த அதே அதிகாரிதான், பேனாவைக் கீழே வைத்தார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். வெளியே இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியாது சார். நான் என் குறைய மட்டுந்தான் சொல்ல வந்தேன்."

அவர், அந்தப் பெண் இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"கூச்சமா இருந்திருக்கும் சார். இத்தன வருஷ சர்வீசு, எனக்கே இப்பக் கூச்சமாத்தான் இருக்கு" என்றேன். கண்ணீர் வந்துவிட்டது. அதை அடக்க எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாகத்தான் அவள் உள்ளே போனாள். நாங்கள் யாரும் வராந்தாவை விட்டுப் போகவில்லை. வெளியே வந்தபோது அவள் முகம் அழுது வீங்கியிருந்தது. ஏனாம் இல்லை, மெமோவும் ரத்து. அவர் கேட்க, இந்தத் தடவை உண்மையான காரணத்தைச் சொல்லிவிட்டாளாம். கடைசியில் அவரே, "தண்ணி குடிச்சிட்டு வேல பாரும்மா" என்றாராம். என் பேட்ச்காரி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அப்படியே என்னையும் ஒரு பார்வை பார்த்து, "வூட்டுக்குத்தான போற? வா, வண்டியில வுட்டுடறேன்" என்றாள்.

அடுத்த பந்தோபஸ்திலிருந்து பெண் காவலர்களுக்கென்று ஒரு நடமாடும் கழிப்பறை வண்டி வர ஆரம்பித்தது. இரண்டு பாயின்ட்டுக்கு நடுவில் மாற்று ஆளும் போட்டார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வார லீவு இன்னமும் பெரும்பாலும் பேச்சளவில்தான் இருக்கிறது. இப்போது ஆண் காவலர்களும் நீங்கள் எப்படிக் கேட்டீர்கள் என்று எங்களிடம் வந்து விசாரிக்கிறார்கள்.

சங்கம் வைக்க எங்களுக்கு இன்றும் அனுமதி இல்லை. ஆனால் கூட்ட நெரிசலில் என் பாயின்ட்டில் ஒற்றை ஆளாக நிற்கும்போது, முன்போல் நான் தனியாக நிற்பதாகவே தோன்றுவதில்லை.