ஏழு வீடுகளுக்கு ஒரே பெயர்

என் ஒப்பந்ததாரர் உரிமத்தை யாராவது பாராட்டினால் எனக்குக் கூசுகிறது.

முருகனும் நானும் கொத்தனார்கள். தியாகதுருகத்திலும் கல்வராயன் மலையிலுமாக ஏழு வீடுகளைக் கூட்டாகக் கட்டினோம். உரிமத்துக்கு விண்ணப்பித்தபோது, வீட்டைக் கட்டியது யார் என்று அந்த வீட்டுக்காரர்களிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். மலையில் ஒரு வீட்டுக்காரர் கேட்டார்: "ரெண்டு பேருந்தானே கட்டினீங்க? முருகன் பேரையும் எழுதட்டுங்களா?"

"இன்னாத்துக்குங்க? ஒரு பேரு போதும்" என்றேன். எனக்கு முதலில் கிடைக்கட்டும், அவனுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. கடிதங்கள் எல்லாம் என் பெயரிலேயே வந்தன.

மறு வருடம் முருகன் விண்ணப்பித்தான். கள்ளக்குறிச்சி அலுவலகத்துக்குத் துணையாக என்னையே கூட்டிப் போனான். அவன் விண்ணப்பத்தில் அதே ஏழு வீடுகளைப் பார்த்த அதிகாரி, என்னைக் காட்டி, "இதெல்லாம் இவரு கட்டினதா ஏற்கெனவே பதிவாகியிருக்கே. யாரு சொல்றது பொய்?" என்று கேட்டார்.

முருகன் என்னை ஒரு முறை பார்த்தான். உண்மையைச் சொன்னால் என் உரிமம் போய்விடும் என்று அவனுக்கும் தெரியும்.

"அவருதாங்க கட்டினாரு. நான் கூட இருந்து வேலை செஞ்சேன்" என்று சொல்லித் தன் தாள்களை எடுத்துக்கொண்டான்.

அதுவரை என்னை மச்சான் என்றே கூப்பிட்டவன், அன்று பஸ் ஏறும்போது, "வரேங்க சார்" என்றான். இன்றுவரை நான் அவனுக்கு சார்தான்.