ஓவியக் கூடத்தில் களஞ்சியத்துக் குரல்

"உனக்கே இன்னா புரிஞ்சுதுன்னு இந்தப் பொடிசுங்கள இட்டுக்கினு போறம்மா?"

தலைமை ஆசிரியர் இப்படித்தான் கேட்டார். மெட்ராஸில் உள்ள நவீன ஓவியக் கூடத்துக்கு என் மூன்றாம் வகுப்பை அழைத்துப்போக அனுமதி கேட்டு நின்றிருந்தேன்.

"டிரெய்னிங் படிக்கும்போது ரெண்டு வாட்டி போயிருக்கேன் சார்."

"போய் வா. ஒரு புள்ள தொலைஞ்சாலும் அப்புறம் இந்த ஸ்கூல்ல கால் வெக்காத."

என் வேலை அப்போது தற்காலிகம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பயம் இருந்தது. ஆனாலும் கேட்டதைத் திரும்பப் பெற மனம் வரவில்லை.

துணைக்குத் தையல் டீச்சர் வந்தார். செஞ்சியில் பஸ் ஏறியதிலிருந்து நான் தலைகளை எண்ணிக்கொண்டே இருந்தேன்.

கூடத்தின் கூரை மிக உயரம். எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த உயரமான கூரை செஞ்சிக் கோட்டைக்குள் இருக்கும் நெற்களஞ்சியம் ஒன்றுதான். அதற்குள் நுழைந்தால் "ஓ" என்று கூவி, எதிரொலி வரும்வரை நிற்பார்கள். இங்கேயும் நுழைந்ததும் அதையே செய்தார்கள்.

காவலாளி ஓடிவந்தார். "இன்னாம்மா, சந்தைன்னு நெனச்சியா?"

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. "இனி ஒரு சத்தம் வந்தா நேரா பஸ்தான்" என்று அதட்டினேன். அப்புறம் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. நான் நிம்மதியாகப் படங்களைப் பார்த்தேன்.

அடுத்த அறைக்குப் போய் எண்ணியபோது மெகருன்னிசா இல்லை. வளையல் கடைக்காரர் மகள். "கைய வுட்றாதீங்க டீச்சர்" என்று அவள் அம்மா சொல்லியிருந்தாள்.

மற்ற பிள்ளைகளைத் தையல் டீச்சரிடம் விட்டுவிட்டு ஓடினேன். வாசல், படிக்கட்டு, குழாயடி எங்கும் இல்லை. திரும்பிவந்து, "மெகரு, மெகரு" என்று ரகசியக் குரலில் கூடம் முழுக்கத் தேடினேன். பதில் இல்லை. அவள் அம்மாவின் முகம்தான் கண்ணில் நின்றது.

அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறக்காதே என்று சொன்னவளே நான். கூடத்தின் நடுவில் நின்று, அடிவயிற்றிலிருந்து "ஓ" என்று கூவினேன்.

"ஓ" என்றது ஒரு இரும்புச் சிற்பம்.

பெரிய தகட்டை நெற்குதிர்போல வளைத்துச் செய்திருந்தார்கள். உள்ளே மெகரு குந்தியிருந்தாள்.

"ஏன்டி, கூப்பிட்டப்ப பேசல?"

"நீங்கதான டீச்சர் சத்தம் போடக்கூடாதுன்னீங்க. உள்ள தல வெச்சுப் பாருங்க, நம்ம களஞ்சியம் மாரியே கேக்குது."

அவளைத் தூக்கினேன். தூக்கும்போது என் தலையும் உள்ளே போனது. அவள் சொன்னது சரிதான்.

காவலாளி சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார். "சீக்கிரம் போம்மா. ஆபீஸ் பெரியவரு பாத்தா உனக்கு முன்ன எனக்கு வேல போயிடும்."

மறுநாள் தலைமை ஆசிரியர் கேட்பதற்கு முன்பே நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"தொலைஞ்சு போச்சா?" என்றார்.

"தொலைஞ்சுதான் போனா சார். கூப்பிட்டேன், வந்துட்டா."

வருகைப் பதிவேட்டை என் பக்கம் நகர்த்தினார். "வகுப்புக்குப் போ" என்றார்.

புதிதாக வரும் ஆசிரியைகளுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளைகளை அடக்கி வைத்தால் மட்டும் போதாது. நாம் கூப்பிட்டால் அவர்கள் பதில் தருவதற்கு ஒரு குரலை மிச்சம் வைக்க வேண்டும். போன சனிக்கிழமை இந்த வருடத்து வகுப்பைக் களஞ்சியத்துக்கு அழைத்துப்போய், நான் கூவும்வரை வாய் திறக்காமல் நிற்கவும், கூவியதும் பதில் கூவவும் பழக்கினேன். மெட்ராஸ் போவதற்குத் தையல் டீச்சரிடமும் சொல்லியாயிற்று.