முடியாதுங்க

‘கான்ட் ஏபிள் டு’ என்று எழுதுவது எங்கள் ஐந்தாம் வகுப்பையே பிடித்திருந்த நோய். கேன் வந்தால் ஏபிள் வராது, இயலாது என்பதற்கு அனேபிள் டு என்று டீச்சர் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தார். அதைப் பிழையில்லாமல் எழுதியது நான் ஒருத்திதான். அந்தத் தலைக்கனம் பள்ளியோடு நிற்காமல் வீட்டுக்கும் வந்தது.

சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் மேல்காட்டில் யானை குட்டியோடு நின்றது. வாட்ஸ்அப்பில் படமே வந்துவிட்டது. காவலுக்கு ஆள் போடாமல், பெண்களை அங்கேதான் பறிக்கப் போகச் சொன்னார்கள். எல்லோருக்கும் முன்னால் நின்று, “முடியாதுங்க” என்றது அம்மாதானாம். ஏன் போகவில்லை என்று மறுநாளைக்குள் எழுதிக் கொடுக்காவிட்டால் வேலை போய்விடும் என்றார் சூப்பர்வைசர். மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் லைன் வீடுகளில் இங்கிலீஷ் மீடியம் படித்தது நான்தான்.

“மேல்காட்டுக்குப் போக முடியாதுன்னு எழுது கண்ணு,” என்றாள் அம்மா.

ஐ ஆம் அனேபிள் டு கோ டு தி அப்பர் ஃபீல்டு. முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். அம்மா கீழே கையெழுத்துப் போட்டாள்.

மேனேஜர் இரக்கப்பட்டுவிட்டார். பாவம், கால்வலி போலிருக்கிறது என்று அம்மாவை மட்டும் நாற்றுப்பண்ணைக்கு மாற்றினார். உட்கார்ந்து செய்கிற வேலை. மற்றவர்கள் மேல்காட்டுக்குப் போயே ஆகவேண்டும். வேலை தப்பியது என்று நான் குதித்தேன். அம்மாவின் முகம் செத்துப்போயிருந்தது.

“நீ என்னன்னு எழுதுன?”

“உன்னால முடியாதுன்னுதான். நீ சொன்னதுதானம்மா?”

“என்னால முடியும் கண்ணு. போக முடியாதுன்னுதான சொன்னேன்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. முடியும், ஆனால் முடியாது என்றால் எந்த டீச்சர் மார்க் போடுவார்?

மறுநாள் காலையில் அம்மா நாற்றுப்பண்ணைக்குப் போகவில்லை. கூடையை மாட்டிக்கொண்டு மற்ற பெண்களோடு மேல்காட்டுக்கு ஏறினாள். சாயங்காலம் அவர்களுடைய பேச்சுச் சத்தம் லைன் முனையில் கேட்கும்வரை, அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பிழைகூட இல்லை.