உள்பக்கம் தேய்ந்த டயர்

அப்பாவுக்கு என்னைவிட அந்தக் காரைத்தான் பிடிக்கும் என்பதில் ஒன்பது வயதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மாவும் நானும் கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் இருந்தோம். அப்பா ஒரு மணி நேரம் கார் ஓட்டிப்போகும் தூரத்தில், பிரிக்பீல்ட்ஸில் தனியாக ஓர் அறை எடுத்திருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவருக்கு. அந்த ஒரு நாளிலும் என்னை சிப்பாங் பந்தயத் தடத்துக்குக் கூட்டிப்போய்விடுவார் மனுஷன். அங்கே காசு கட்டினால் சொந்தக் காரை ஆசைதீர ஓட்டலாம். அவர் சுற்றுவார், நான் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து மைலோ குடிப்பேன். சுற்றிலும் அத்தனை இரைச்சல், பேச ஓர் ஆள் கிடையாது.

அப்பா வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். கார் கெட்டுப்போனால் வந்துவிடுவார் என்று ஒரு கணக்குப் போட்டு, முருகனிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

முருகன் பாதிதான் கேட்டார். ஒரு ஞாயிறு, தடத்தில் இறங்குமுன், கூட வந்திருந்த சித்தப்பா முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிவிட்டு, "ஐயோ அண்ணே, கம்பியே தெரியுது!" என்று கத்தினார். எட்டிப் பார்த்தேன். வெளியே புதுசாட்டம் இருந்த டயர், உள்விளிம்பில் மொட்டை.

வளைவில் நன்றாகப் பிடிக்கட்டும் என்று, சக்கரத்தின் மேல்பக்கத்தை உள்ளே சாய்த்து அலைன்மென்ட் செய்வார்கள். தடத்தில் ஓட்டி முடித்ததும் கடையில் கொடுத்து நிமிர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் நேர் சாலையில் உள்விளிம்பு மட்டும் தேயும். சித்தப்பா தலைதலையாக அடித்துக்கொள்வார். அப்பா காதில் போட்டுக்கொண்டால்தானே!

"ட்ராக்ல மட்டும் ஓடுனா இப்படி ஆவாது. இது நேரா ஹைவேயில ஓடி ஓடித் தேஞ்சது. வேலைக்கு நடந்துதானே போறே, அப்புறம் எங்கண்ணே இவ்ளோ ஓட்டுறே?"

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "சும்மா லா. சாயங்காலத்துல கிள்ளான் பக்கம் ஒரு ரவுண்டு."

சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டார். "இன்னிக்கு ஓட்டாதண்ணே" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிள்ளான் வரைக்கும் வரத் தெரிகிறது, எங்கள் வீட்டுக்கு வர மட்டும் கால் வரவில்லையா! அன்று முழுக்க அப்பா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சித்தப்பா தன் காரில் கொண்டுவந்து விட்டதும், முதல் வேலையாக அம்மாவிடம் கோள் சொன்னேன். "அப்பா அடிக்கடி கிள்ளான் வராராம்மா. நம்மளப் பாக்க மட்டும் வர மாட்டாரு."

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். "தெரியும். நீ டியூஷன் முடிஞ்சு வீட்டுக்குள்ள வர்ற வரைக்கும் ரோட்டு முனையில காடிய நிறுத்திட்டு உள்ளயே உக்காந்திருப்பாரு."

"அப்ப உள்ள கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிட்டா, நாளையிலேர்ந்து அங்கயும் வர மாட்டாரு."

அவ்வளவு தூரம் வருகிறவருக்கு எங்கள் வாசல் மட்டும் எப்படித் தூரமாயிற்று என்று எனக்கு விளங்கவே இல்லை.