ஜெயராஜின் அடிக்குரல்

சாராள் பெடல் ஆர்கன் வாசிக்கக் கற்றது செவ்வாப்பேட்டையில், மிஷன் பள்ளியில் படித்தபோது. 1963-ல் கும்மிடிப்பூண்டிக்கு ஆசிரியை வேலைக்கு வந்தாள். அங்கே கிறிஸ்தவக் கோயிலில் இருந்த ஆர்கனின் துருத்தியை எலி கடித்திருந்தது. ரெக்சின் துண்டை ஒட்டிச் சரிசெய்து, வந்த இரண்டாவது ஞாயிறே வாசித்துவிட்டாள்.

பாடகர் குழுவில் ஜெயராஜ் என்றொருவன் இருந்தான். வயல் கூலி. படிப்பு அதிகமில்லை, ஆனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆழமாக வரும். அவன் தாழ இறங்கும்போது ஆர்கன் பலகை வழியாக அந்த அதிர்வு சாராளின் விரலுக்கு எட்டும். இரண்டு வருஷம் கழித்து அவனையே கட்டிக்கொண்டாள்.

கல்யாணத்துக்குப் பிறகுதான் அவள் சொந்தமாகப் பாட்டுக் கட்டத் தொடங்கினாள். எல்லாப் பாட்டிலும் ஓரிடத்தில் மற்றவர்கள் நிறுத்த, ஜெயராஜ் மட்டும் பாடுவான்.

எழுபதுகளில் வயல்கள் ஃபாக்டரிகளாயின. ஜெயராஜ் இரும்பு உருக்கும் வேலைக்குப் போனான். சில வருஷத்தில் குரல் கம்மியது.

"புகைதான் சாரா. லீவு போட்டா சரியாப் பூடும்" என்றான்.

சரியாகவில்லை. தொண்டையில் கட்டி என்றார்கள் சென்னை ஆஸ்பத்திரியில். ஆபரேஷன் செய்தால் உயிர் தங்கும், குரல் போகலாம் என்றும் சொன்னார்கள். குரல் போகும் என்பதை இருவருமே நம்பவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் சாராள் கேட்டாள்:

"மெதுவா ஒரு தபா பாடுங்களேன்."

"பக்கத்து கட்டில்காரரு வலியில மொனகினுகீறாரு. இப்ப வாணாம். ஊட்டுக்குப் போயி பாடறேன்."

உயிரோடு வீட்டுக்கு வந்தான். பாட்டு வரவில்லை, பேச்சும் வரவில்லை.

அடுத்த ஈஸ்டருக்கு அவள் புதுப் பாட்டொன்று கட்டினாள். ஒத்திகையில் குழுத் தலைவர் பாக்கியராஜ் தடுமாறி நின்றார்.

"இன்னா டீச்சர், இவ்ளோ கீழ போவுது? யாரால பாட முடியும்?"

சாராள் சுருதியை ஏற்றச் சம்மதிக்கவில்லை. அந்த ஈஸ்டருக்குப் பழைய பாட்டையே பாடினார்கள். மறு ஈஸ்டருக்கும் அப்படியே.

மூன்றாம் வருஷம் ஒத்திகைக்கு ஜெயராஜே வந்தான். கழுத்தில் துணி சுற்றியிருந்தான். அவள் வாசித்துக்கொண்டிருக்கையில் அருகில் வந்து உள்ளங்கையை மேல்நோக்கி உயர்த்திக் காட்டினான். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அவன் மறுபடி உயர்த்தினான். முகத்தில் சிரிப்பு இருந்தது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுருதியை ஏற்றினாள்.

பாட்டு எல்லாருக்கும் பிடித்துப்போனது. பெரியபாளையம் பக்கத்துச் சபைகளிலும் கேட்டு வாங்கிப்போய்ப் பாடினார்கள். பாராட்டியவர்களிடம் சாராள் நன்றாகவே பேசினாள்.

ஆனால் ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் காலியானதும், அதே பாட்டைப் பழைய சுருதியில் வாசிப்பாள். முதல் பெஞ்சில் ஜெயராஜின் உதடுகள் மட்டும் அசையும். அவன் மூச்சு வாங்கியிருக்கக்கூடிய இடங்களில் அவள் விரல்கள் நின்று, காத்திருந்து, பிறகு தொடரும்.