ஓதி முடிக்கும் வரைக்கும்

சகோதரிகளே, அல்லாஹ்வின் சாந்தி உங்கள் வீடுகளில் இறங்கட்டும். என் மகள் ஸைனபின் இடது புருவத்தில் பாதி காணாமல் போனதிலிருந்துதான் நான் இதைத் தொடங்க வேண்டும்.

கடந்த வருடம் அவள் ஐந்தாம் தரம். ஐந்தாம் தரத்தில் ஒரு பிள்ளை இருக்கிற வீட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கல்யாண வீட்டில்கூட அவ்வளவு பரபரப்பு இருக்காது. புலமைப்பரிசில் பரீட்சை எழுதப் போவது பிள்ளையா உம்மாவா என்று வந்து போகிறவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆலங்குடாவில் எங்கள் வீட்டில் அந்த உம்மா நான்தான். அவளுடைய வாப்பா கத்தாரில் லொறி ஓட்டுகிறார். பரீட்சை என் தலையில், பிள்ளை என் தலையில், ஊர்வாயும் என் தலையில்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை ஐந்தாம் தரத்துக்கு வந்ததும் குர்ஆன் மத்ரஸாவை நிறுத்திவிடுவோம். "ஸ்கொலர்ஷிப் முடியட்டும், பொறகு ஓதலாம்" என்போம். டியூஷனும் மத்ரஸாவும் பின்னேரத்தில்தானே. நானும் நிறுத்தினேன். ஸைனபின் குர்ஆனைத் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு, நுரைச்சோலையில் ஒரு டியூஷன் வகுப்பில் சேர்த்தேன். பிறகு தொழுகைப் பாயில் உட்கார்ந்து, யா அல்லாஹ், இவளை எப்படியாவது பாஸாக்கு என்று கேட்டேன். அவனுடைய கிதாபை மேலே தூக்கி வைத்துவிட்டு அவனிடமே பாஸ் கேட்ட கெட்டிக்காரி நான். அப்போது அது எனக்குச் சிரிப்பாகத் தெரியவில்லை.

ஸைனப் மெதுவானவள். எதையும் புரிந்துகொள்வாள், ஆனால் ஆற அமரத்தான் புரிந்துகொள்வாள். வகுப்பில் ஒவ்வொரு நாளும் மாதிரி வினாத்தாள். நேரம் முடிந்ததும் படிப்பிக்கிற சேர் தாளைப் பிடுங்கி எடுத்துவிடுவார். யார் எத்தனை புள்ளி என்று உம்மாமாரின் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கே வந்துவிடும். என் மகளின் பெயரைத் தேட வேண்டியதில்லை, எப்போதும் கீழேதான் இருக்கும். காலையில் வயிற்றுவலி என்பாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். கணக்குச் செய்யும்போது விரல் தன்பாட்டில் புருவத்துக்குப் போகும். ஒவ்வொரு முடியாகப் பிடுங்குவாள். நான் கையில் தட்டினால் நிறுத்துவாள். திரும்பினால் மறுபடி தொடங்குவாள்.

இதை யாரிடம் சொல்வது? கத்தாருக்குச் சொன்னால், "எல்லாப் புள்ளயளும் இப்பிடித்தான், நீ சும்மா பயப்படுத்தாத" என்று முடித்துவிடுவார். அவரும் அங்கே களைத்துப்போய்க் கிடக்கிற மனிதர். மற்ற உம்மாமாரிடம் வாய் திறந்தால் அது குழுவுக்குப் போகும். அந்தியில் மஃரிபுக்குப் பிறகு அவள் படிக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து கூரைத் தகரத்தில் காற்று அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர், இரண்டு பேரும் தனி.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போதுதான் அது நடந்தது. சோளகக் காற்று வீசி கடல் கொந்தளிக்கிற காலம். பின்னேர வகுப்புக்கு அவளை ஒழுங்கை முனைக்கு அனுப்பினேன். வேன் அங்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். நான் பின்பக்கம் உடுப்புத் துவைக்கப் போனேன். கொஞ்ச நேரத்தில் குழுவில் ஒரு செய்தி: "ஸைனப் இண்டக்கி வரல்லயா?"

வேனில் அவள் ஏறவேயில்லை.

ஒழுங்கை முனைக் கடையில் கேட்டேன். காணவில்லை என்றார்கள். கூட்டாளிகளின் வீடுகளுக்கு ஓடினேன். எல்லோரும் வகுப்பில். கத்தாருக்கு எடுத்தேன், அவர் ஓட்டத்தில் இருந்திருப்பார், போன் அடித்து அடித்து நின்றது. பக்கத்து வீட்டு நிஸா ராத்தா வேலிக்கு மேலால் கேட்டார், "கடல்பக்கம் பாத்தியா புள்ள?" அவர் நல்ல மனதோடுதான் கேட்டார்.

கடற்கரைக்கு ஓடினேன். அந்தக் காலத்தில் கடல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். படகுகளெல்லாம் மேலே இழுத்துப் போட்டிருந்தன. தூரத்தில் வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்று அலைக்கு மேல் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஸைனப், ஸைனப் என்று கத்தினேன். காற்று என் குரலை என் வாய்க்குள்ளேயே திருப்பித் தள்ளியது. மணலில் சின்னக் கால்தடம் ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். கரை முழுக்கக் கால்தடம்.

ஒருவேளை வந்திருப்பாளோ என்று வீட்டுக்குத் திரும்பினேன். வரவில்லை. பின்னேரத்து அஸர் பாங்கு சொல்லி வெகுநேரமாகியிருந்தது. வேறு போக்கிடம் இல்லாமல்தான் நான் தொழுகைப் பாயை விரித்தேன், அதை மறைக்க மாட்டேன். கடைசி ஸுஜூதில் நெற்றியை வைத்தவள் எடுக்கவில்லை. யா அல்லாஹ், எனக்குப் புள்ளியும் வேண்டாம், பெயரும் வேண்டாம். நீ இவளை எப்படிப் படைத்தாயோ அப்படியே திருப்பித் தா. இனி நான் இவளை இழுக்க மாட்டேன். இவ்வளவுதான் கேட்டேன். அதற்குமேல் அழுகைதான்.

தொழுகையை முடித்து ஸலாம் கொடுக்க முகத்தை வலப்பக்கம் திருப்பினேன். அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு கதிரை கிடந்தது. அது சாப்பாட்டு மேசைக் கதிரை, அங்கே இருக்க வேண்டியதில்லை. கண்ணை உயர்த்தினேன். அலுமாரிக்கு மேல் குர்ஆன் இல்லை.

சகோதரிகளே, அந்தக் கதிரையைக் கடந்துதான் நான் வீட்டுக்குள் வந்திருக்கிறேன், பாயை எடுத்திருக்கிறேன். என் கண்ணுக்குப் படவில்லை. கேட்டு முடித்த பிறகுதான் அவன் காட்டினான்.

மத்ரஸா எங்கள் பள்ளிவாசலுக்குப் பின்னால். ஓடிப் போய் வாசலில் நின்றேன். அலிஃப், பா ஓதுகிற சின்னஞ்சிறுசுகளின் நடுவில், சுவரோரமாக, என் மகள் உட்கார்ந்திருந்தாள். வகுப்புப் பை பக்கத்தில் கிடந்தது. மடியில் குர்ஆன். நான் நிறுத்திய அதே பக்கத்தில் விரலை வைத்து ஓதிக்கொண்டிருந்தாள். ஓதிக்கொடுக்கிற முஅல்லிமா இளம்பிள்ளை. என் கோலத்தைப் பார்த்து அவருக்கே பயம் வந்துவிட்டது.

"நீங்க அனுப்பினீங்கண்டுதானே நெனச்சன்" என்றார்.

நான் ஸைனபுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன் மகள் சொல்லாம வந்தீங்க?"

அவள் விரலைப் பக்கத்திலிருந்து எடுக்கவில்லை. "அங்க நான் முடிக்க முந்தி தாள எடுத்திடுறாங்க உம்மா. இங்க நான் ஓதி முடிக்கும் வரைக்கும் இருப்பாங்க."

அன்றைக்கே வகுப்பை நிறுத்தினேன். பின்னேரம் மத்ரஸா, பிறகு வீட்டில் தன்பாட்டில் படிப்பு. கத்தாரிலிருந்து கோபம் வந்தது. "ஊரே அனுப்பக்குள்ள ஒனக்கு மட்டும் என்ன?" என்றார். "நான் அல்லாஹ்வுக்கு வாக்குக் குடுத்திட்டன்" என்றேன். கொஞ்ச நாள் எங்களுக்குள் சுகம் விசாரிக்கிற கதை மட்டும்தான். உம்மாமாரின் குழுவிலிருந்து நானே விலகினேன். பாடசாலை வாசலில் அவர்கள் ஒரு பக்கம் நிற்பார்கள், நான் ஒரு பக்கம் நிற்பேன். கேட்ட துஆவை அல்லாஹ் கபூல் செய்துவிட்டால் எல்லாம் லேசாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிள்ளை கிடைத்தாள், ஆனால் அந்தத் தனிமையை நான்தான் நடந்து கடக்க வேண்டியிருந்தது.

பரீட்சை எழுதினாள். பெறுபேறு வந்தது. வெட்டுப்புள்ளிக்குக் கீழே.

அன்று சந்தியில் பாஸான பிள்ளைகளின் படம் போட்டுப் பெரிய பதாகை கட்டினார்கள். பட்டாசு வெடித்தது. எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. யாரும் போனில் கூப்பிடவும் இல்லை. நான் தேத்தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டு அது ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மஃரிபுக்குக் கொஞ்சம் முந்தி கத்தாரிலிருந்து அழைப்பு. என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டே எடுத்தேன். "மகள்ட குடு" என்றார். "இப்ப குர்ஆன்ல எங்க ஓதுறீங்க மகள்? கொஞ்சம் ஓதிக் காட்டுங்க, வாப்பா கேக்கிறன்."

ஸைனப் குர்ஆனை விரித்தாள். ஓதினாள். ஓரிடத்தில் தடுக்கினாள், நின்றாள், திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள். போனுக்குள் யாரோ அவரைக் கூப்பிடுவது கேட்டது, வேலைக்கு நேரமாகியிருக்க வேண்டும். இப்போது வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவள் மறுபடி தடுக்கினாள், மறுபடி ஓதினாள். அவள் முடிக்கும் வரைக்கும் அவர் வைக்கவில்லை.

இப்போது அவள் ஆறாம் தரம். புருவம் முழுதாக வளர்ந்துவிட்டது. குர்ஆனை இன்னும் முடிக்கவில்லை, எந்தப் பக்கம் என்று நான் கேட்பதும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ். உங்களில் யாராவது இன்றைக்கு ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், அவனிடம் கேளுங்கள். பாஸைக் கேட்க வேண்டாம், பிள்ளையைக் கேளுங்கள். தந்த பிறகு, அவள் முடிக்கும் வரைக்கும் பக்கத்தில் இருங்கள்.